வரமும் வரம்பும்



அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து, உயர்தர வகுப்பில் படிக்கும் மாணவர் ஒருவர் சில வாரங்களுக்கு முன் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு கொப்பி. மாய உலகம் ஒன்றைக் கற்பனை செய்து, அதை வைத்து நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறார். பத்துப் பக்கம் எழுதியதும் பேனா நின்றுவிட்டது.

"சேர், என் கதையில வர்ற மந்திரவாதி எல்லாத்தையும் செஞ்சிடுறான். அதனால கதை அதுக்கு மேல நகர மாட்டேங்குது" என்றார். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். "இங்கிலீஷ்காரங்ககிட்ட இதுக்கெல்லாம் முறை இருக்கு சேர். நம்ம தோட்டத்துல என்னா இருக்கு?"

அவருடைய முதற் குறை எழுத்துத் தொழில் பற்றியது. இரண்டாவது குறை வரலாறு பற்றியது. இரண்டுக்கும் பதில் ஓரிடத்திலேயே இருக்கிறது என்பதைச் சொல்வதற்கே இந்தச் சிற்றுரை.

முதலில் மேற்கே என்ன நடந்தது என்று பார்ப்போம். 'மோதிரங்களின் தலைவன்' என்ற பெருங்கதையை 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட டோல்கியன், அதற்கு முன்பே, 1939இல், தேவதைக் கதைகள் பற்றி ஸ்கொட்லாந்தில் ஓர் உரை நிகழ்த்தினார். கதாசிரியன் படைக்கும் உலகத்துக்கென்று ஒரு சட்டம் இருக்க வேண்டும். அந்தச் சட்டத்துக்கு உள்ளே நடப்பவை எல்லாம் வாசகனுக்கு உண்மையாகத் தோன்ற வேண்டும். சட்டம் முறியும் கணத்தில் மயக்கமும் கலைந்துவிடும் என்பது அவருடைய கருத்து. 1968இல் வெளிவந்த உர்சுலா லெ குவினின் 'எர்த்சீ' மந்திரவாதி கதையில், ஒரு பொருளின் மெய்ப்பெயரை அறிந்தவனே அதனை ஆள முடியும். ஆண்டால் எங்கோ ஒரு சமநிலை குலையும். அந்தக் குலைவுக்கு அவனே பொறுப்பு. நம் காலத்து அமெரிக்க எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் இதை விதிகளாகவே எழுதி வைத்தார். மாயத்தின் இயல்பை வாசகன் எவ்வளவு தெளிவாக அறிந்திருக்கிறானோ, அவ்வளவுக்கே அதைக் கொண்டு கதையின் சிக்கலை அவிழ்க்கலாம் என்பது 2007இல் அவர் முன்வைத்த விதி. பாத்திரம் எதைச் செய்யும் என்பதிலும், எதைச் செய்ய முடியாது என்பதிலேதான் சுவை என்பது அவர் பின்னர் சேர்த்துக்கொண்டது.

சுருங்கச் சொன்னால், மாயத்தைப் படைப்பதென்பது எல்லை வகுப்பதாகும். தமிழில் இதற்குத் தனி விளக்கமே வேண்டியதில்லை. 'வரம்' என்றால் அருளப்படும் ஆற்றல். 'வரம்பு' என்றால் எல்லை. இரண்டு சொற்களும் ஒரே வேரின என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நம் கதைகளில் ஒன்றை விட்டு மற்றது வந்ததேயில்லை.

தொல்காப்பியத்தின் செய்யுளியல் மந்திரத்துக்கு இலக்கணம் கூறுகிறது. யார் வேண்டுமானாலும் சொல்லிவிடும் சொல் மந்திரமாகாது. நிறைந்த மொழியினையுடைய சான்றோர் ஆணையிட்டுக் கூறும் மறைமொழியே மந்திரம் என்பது அதன் சாரம். சொல்லுக்கு ஆற்றல் உண்டு, ஆனால் சொல்பவனுக்குத் தகுதி வேண்டும் என்ற முதல் வரம்பு அங்கேயே விழுந்துவிட்டது.

மணிமேகலைக் காப்பியத்துக்கு வந்தால் ஒரு முழு ஒழுங்கையே காணலாம். மணிமேகலா தெய்வம் கதைத்தலைவிக்கு மூன்று மந்திரங்களை அளிக்கிறது. வேற்றுருக் கொள்வது ஒன்று, வான்வழி செல்வது ஒன்று, பசியைத் தீர்ப்பது ஒன்று. மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. நம் நாட்டு நயினாதீவே அந்த மணிபல்லவம் என்று கருதுவோர் நெடுங்காலமாக உள்ளனர். அந்தப் பாத்திரமும் நினைத்தபோதெல்லாம் வெளிப்படுவதில்லை. ஆண்டுக்கொருமுறை, வைகாசிப் பௌர்ணமியன்றுதான் நீர்மேல் எழும். கையில் கிடைத்த பின்பும் முதற் பிச்சையைக் கற்புடைய ஆதிரை இட வேண்டும்.

அதற்கு முன்பு அது ஆபுத்திரன் கையில் இருந்தது. பாண்டிநாட்டின் பஞ்சத்தில் எல்லோருக்கும் சோறிட்டவன் அவன். இந்திரன் மழையைப் பெய்வித்தான். நாடு செழித்தது, ஏற்பார் இல்லாமற் போயினர். ஆளில்லாத தீவிலே தனித்துவிடப்பட்ட ஆபுத்திரன், தன் ஒரு வயிற்றுக்காக அந்தத் தெய்வப் பாத்திரத்தைப் பயன்படுத்த மனமின்றி, அதனைப் பொய்கையில் விட்டு உண்ணாதிருந்து உயிர் நீத்தான். இந்த வரம்பைத் தெய்வம் விதிக்கவில்லை. அவன் தானே விதித்துக் கொண்டான்.

விலையும் உண்டு. உதயகுமாரனிடமிருந்து தப்ப மணிமேகலை காயசண்டிகையின் உருவை எடுத்தாள். அந்த உருவத்தைக் கண்டு மயங்கிய காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், உதயகுமாரனை வாளால் வெட்டி வீழ்த்தினான். தன்னைக் காக்க எடுத்த மாயம் இன்னொருவன் உயிரைக் குடித்தது. இக்காலத்து நாவலாசிரியர் எவரும் இதைவிடத் திருத்தமாக ஒரு மாய விதியை அமைத்துவிட முடியுமா என்பது ஐயமே.

காப்பியத்தை விட்டுத் திண்ணைக் கதைக்கு வாருங்கள். விக்கிரமாதித்தன் சிம்மாசனத்தில் ஆயிரம் ஆண்டு வீற்றிருக்க வரம் பெற்றான். தம்பி பட்டியோ இரண்டாயிரம் ஆண்டு ஆயுள் பெற்றுவிட்டான். அண்ணன் போன பின் தம்பி இருந்து என்ன பயன்? பட்டி வரத்தின் வாசகத்தைத் துருவிப் பார்த்தான். சிம்மாசனத்தில் இருக்கும் காலந்தானே கணக்கு! நாட்டில் ஆறு மாதம், காட்டில் ஆறு மாதம் என்று வைத்தால் ஆயிரம் இரண்டாயிரமாகிவிடும். வரத்தின் வரம்பே அதற்கு வழியும் ஆயிற்று. விதி தெளிவாக இருந்ததால்தான் அதற்குள் புத்தி நுழைய இடம் கிடைத்தது. வேதாளத்தின் விதியும் அப்படியே. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் அரசன் தலை வெடிக்கும். வாய் திறந்தால் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும்.

இந்தக் கதைகளையெல்லாம் அக்கரப்பத்தனைக்குக் கொண்டு வந்தது யார்? 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலம் முதல், தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே கால்நடையாக வந்த மக்கள். வழியில் மாண்டவர் பலர். 1869இல் கோப்பிச் செடியை இலைநோய் தாக்கிய பின்னர் தேயிலை மலையேறியது. தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக டயகம வரை இன்று நாம் காணும் பச்சை அதன் பின் விரிந்ததுதான். அந்த மக்கள் சுமந்து வந்த மூட்டையில் புத்தகங்கள் அதிகம் இருந்திருக்க முடியாது. கதைகள் தொண்டையிலும் தப்பிலும் வந்தன. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்று மலையகம் போற்றும் மூன்று கூத்துகளும் அவ்வாறு வந்தவையே.

மாசி மாதப் பிறை கண்டு காமன் கம்பம் ஊன்றப்படும். மதனும் இரதியுமாக ஆடுபவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். கதை யாவரும் அறிந்தது. தேவர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி, தவத்திலிருக்கும் சிவன்மேல் கணை தொடுக்கப் புறப்படுகிறான் மதன். "போகாதே" என்று இரதி தடுக்கிறாள். இருவருக்கும் தர்க்கம் விடிய விடிய நீளும். சிறு வயதில் லயத்து வாசலில் கம்பளி போர்த்துக்கொண்டு இருந்து பார்த்தவன் நான். மதன் எரியப் போகிறான் என்பது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆயினும் ஒவ்வொரு வருடமும் இரதி வென்றுவிட மாட்டாளா என்று மனம் ஏங்கும்.

அந்தக் கதையின் விதிகளைப் பாருங்கள். மதனிடம் கரும்பு வில், வண்டு நாண், ஐந்து பூங்கணைகள். எவர் மனத்தையும் அவன் அசைக்கலாம். அசைந்தவரின் சினத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள மட்டும் அவனிடம் கணை இல்லை. சிவனுக்கோ நெற்றிக்கண். அது திறந்தால் எதுவும் சாம்பல். ஆனால் இரதி வந்து அழுது நிற்கும்போது, எரித்ததை எரிக்கவில்லை என்று ஆக்கிவிட அவரும் முனையவில்லை. மதனுக்கு உயிர் கிடைக்கிறது. உருவம் இரதியின் கண்ணுக்கு மட்டுமே கிடைக்கிறது. உலகத்துக்கு அவன் அநங்கன், உடலற்றவன். முக்கண்ணனும் தன் செயலின் விளைவுக்குள் நின்றுதான் வரம் தருகிறார்.

தஞ்சை மண்ணில் இதை வைத்துத் தனியொரு வாதமே வளர்ந்தது. 1676 முதல் 1855 வரை அங்கு ஆண்ட மராட்டியரோடு வந்து சேர்ந்த லாவணிப் பாட்டில், காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று மறு கட்சி. 'எரிந்த கட்சி, எரியாத கட்சி' என்றே அவற்றுக்குப் பெயர். இரவு முழுதும் பாட்டாலேயே வினாவும் விடையும். ஒரு மாய உலகத்தின் சட்டம் எப்படிச் செயற்படுகிறது என்று, பள்ளிக்கூடப் படிப்பு அதிகமில்லாத கிராமத்தவர்கள் சபை கூட்டி வாதிட்டார்கள். இன்று ஹரி பொட்டர் வாசகர்கள் தமக்குள் செய்வதும் இதைத்தான்.

பொன்னர் சங்கர் கதை கொங்கு நாட்டிலிருந்து வந்தது. கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் அதனை ஆராய்ந்து 1982இல் ஒரு பெருநூல் வெளியிட்டிருக்கிறார். பிள்ளையில்லாத தாமரை நெடுந்தவம் இருந்து பெற்ற மக்கள் அந்தச் சகோதரர்கள். வரத்தோடு வயதும் வந்தது: பதினாறு ஆண்டு. படுகளத்தில் அவர்கள் மாண்டு கிடக்கும்போது தங்கை வந்து எழுப்புகிறாள். எழுகிறார்கள், அவளோடு பேசுகிறார்கள். ஆனால் தங்கள் காலம் முடிந்தது என்று மீண்டும் சாய்ந்துவிடுகிறார்கள். தங்கையின் கண்ணீருக்குச் சிறிது நேரத்தை வாங்க முடிந்தது. விதியை மாற்ற முடியவில்லை. அவள் அவர்களை நிரந்தரமாக எழுப்பியிருந்தால் அந்தக் களத்தில் எவர் அழுவார்?

நேயர்களே, இந்தக் கூத்துகள் எதிர்ப்புக் குரலாகப் பிறந்தவை என்று நான் வாதிட வரவில்லை. அவை வழிபாடு, நேர்த்திக்கடன். ஆனால் அவற்றை ஆடியவர்கள் பகலில் எந்த உலகத்தில் வாழ்ந்தார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த உலகத்திலும் ஒரு மந்திரம் இருந்தது. அதன் பெயர் துண்டு. கங்காணியிடம் பட்ட கடன் அதில் எழுதப்பட்டிருக்கும். அந்தக் காகிதத் துண்டு இல்லாமல் தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குப் போக முடியாது. நாலு வரி எழுத்து ஒரு குடும்பத்தையே ஒரு மலையில் கட்டிப்போட்டது. 1921இல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இன்னொரு மந்திரம். அதன் விளைவாகச் சுமார் ஏழு இலட்சம் பேர் பிறந்த மண்ணிலேயே நாடற்றவராயினர். 1964இல் இரண்டு பிரதமர்கள் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை அந்தப் பக்கம், 3,00,000 பேரை இந்தப் பக்கம் என்று பங்கிட்டது. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையை நீக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

துண்டுக்கும் வரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். துண்டு, எழுதப்பட்டவனைக் கட்டியது, எழுதியவனைக் கட்டவில்லை. கூத்தில் வரும் வரமோ கொடுத்தவரையும் கட்டுகிறது. கண்ணைத் திறந்தவர் இரதிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தம்மைவிடப் பலம் படைத்தவர்கள் எந்த விதிக்கும் கட்டுப்படாததைத் தினமும் பிரட்டுக்களத்தில் கண்ட மக்கள், மாசி இரவுகளில், கடவுளும் விதிக்குக் கட்டுப்படும் ஓர் உலகத்தைக் கம்பம் நட்டு எழுப்பினார்கள். கற்பனை உலகத்துக்கு ஏன் சட்டம் வேண்டும் என்று கேட்போருக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது.

அந்த மாணவரிடம் மூன்று கேள்விகளைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். உன் மந்திரவாதியால் எது முடியாது? முடிவதற்கு அவன் கொடுக்கும் விலை என்ன? அவன் செய்ததைப் பற்றி அவனிடம் வந்து நியாயம் கேட்பவர் யார்?

முதல் இரண்டையும் உடனே எழுதிவிட்டார். மூன்றாவதில் பேனா நின்றது. சிறிது யோசித்துவிட்டு, "எங்க அம்மாயி மாதிரி ஒரு கிழவிய வைக்கலாமா சேர்? கொழுந்து எடுக்கிற கிழவி" என்று கேட்டார்.

வைக்கலாம் என்றேன். இனி அந்தக் கதை நகரும்.