1024 கட்டங்கள்

கணிப்பொறியின் வரலாறு எழுதப்படும்போதெல்லாம் பொறியியல் வல்லுநர்களும் வணிகப் பெருமக்களுமே முன்னிற்பர். அவ்வரலாற்றில் கலைஞர் ஒருவரின் கைவண்ணமும் உண்டு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சூசன் கேர் என்னும் அமெரிக்க அம்மையாரையே ஈண்டுக் குறிப்பிடுகின்றேன்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் இவர். அருங்காட்சியகம் ஒன்றுக்காகக் காட்டுப்பன்றிச் சிலையொன்றை உலோகத்தில் செய்துகொண்டிருந்த வேளையில், பள்ளித் தோழர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டிடமிருந்து இவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. ஆப்பிள் நிறுவனம் உருவாக்கிவந்த மெக்கின்டாஷ் கணிப்பொறிக்குச் சின்னங்களும் எழுத்துருக்களும் தேவைப்பட்டன. கேருக்கோ கணிப்பொறி வரைகலையில் முன்பழக்கம் இல்லை. வரைபடத்தாள் வாங்கிக் கட்டங்களை நிரப்பிப் பழகுமாறு நண்பர் கூறினார். சிறு கட்டங்கள் கொண்ட குறிப்பேடு ஒன்றே அவருடைய முதல் கருவியாயிற்று. 1983ஆம் ஆண்டு பணியில் சேர்ந்தார்.

அக்காலக் கணிப்பொறிகளில் பெரும்பாலானவற்றை இயக்கக் கட்டளைச் சொற்களை மனனம் செய்து தட்டெழுத வேண்டியிருந்தது. அச்சொற்களை அறியாதவருக்குத் திரை வெறும் இருட்டே. அத்தகையோரும் கண்டவுடன் புரிந்துகொள்ளும்படி திரையை ஆக்குவது கேரின் கடமை. ஆனால், கிடைத்த இடமோ மிகச் சிறிது. ஒரு சின்னத்துக்கு அகலம் 32 கட்டம், உயரம் 32 கட்டம், ஆக 1024. ஒவ்வொரு கட்டமும் கறுப்பாகவோ வெள்ளையாகவோதான் இருக்கலாம். நிறக்கல் பதித்த ஓவியமும், துணியில் இழையெண்ணிப் போடும் பூத்தையலும் இம்முறையிலேயே அமைந்தவை என்பதை அவர் உணர்ந்தார். புள்ளியிட்டுக் கோலம் போடும் நம் பெண்டிருக்கு இது வியப்பளிக்காது.

குப்பைத்தொட்டி, கைக்கடிகாரம், சிரித்த முகத்துடன் வரவேற்கும் கணிப்பொறி எனப் பல சின்னங்கள் பிறந்தன. பழுது நேர்ந்தால் தோன்றும் வெடிகுண்டையும் அவரே வரைந்தார். அதை எவரும் காணப்போவதில்லை என்று அவரிடம் சொல்லியிருந்தனராம். கண்டவர் எத்தனை பேர் என்பதை அக்கால மெக்கின்டாஷ் வைத்திருந்தோரைக் கேட்டால் தெரியும்!

கட்டளை விசைக்குரிய குறியின் கதை இன்னும் சுவையானது. முதலில் திரையின் கட்டளைப் பட்டியல்களில் ஆப்பிள் சின்னமே வரிக்கு வரி இடம்பெற்றிருந்தது. நிறுவனர்களுள் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ் அதைக் கண்டு சினந்தார். நிறுவனச் சின்னம் மலிந்துபோகிறது என்பது அவர் வாதம். மாற்றுக்குறி ஒன்று உடனே தேவைப்பட்டது. பன்னாட்டுக் குறியீடுகளைத் தொகுத்த நூலொன்றைப் புரட்டிய கேர், சுவீடனில் பார்க்கத்தக்க இடங்களைச் சுட்டும் குறியைத் தேர்ந்தார். நான்கு மூலைகளிலும் வளையம் கொண்டது அது. புதிதாக ஒன்றைப் படைப்பதற்கு முன் மக்களிடையே வழங்குவதைத் தேடிப் பார்த்த அப்பண்பே என்னை மிகவும் கவர்கிறது. சின்னம் என்பது ஓவியத்தைவிடச் சாலைக் குறிக்கே நெருக்கமானது என்று அவர் பிற்காலத்தில் விளக்கியுள்ளார்.

1984ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் மெக்கின்டாஷ் வெளிவந்தது. கேரின் கட்டத்தாள் வரைவுகள் 2015ஆம் ஆண்டு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. சுவீடன் நாட்டுக் குறி இன்றும் ஆப்பிள் விசைப்பலகையில் உள்ளது. அதைப் பூவின் வடிவமாகவே அவர் கருதியிருந்தார். மேலிருந்து நோக்கிய கோட்டையின் வடிவம் என்று கூறப்படுவதைப் பின்னரே அறிந்தாராம்.