தீர்க்கதரிசி வரும்வரை ஒதுக்கிவைக்கப்பட்ட கற்கள்

கி.மு. 164ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் எருசலேம் கோயிலை மீட்ட யூதா மக்கபேயுக்கும் அவருடைய ஆட்களுக்கும் எதிர்பாராத ஒரு சிக்கல் எழுந்தது. மூன்றாண்டுகளுக்கு முன்னர் செலூக்கிய மன்னன் நான்காம் அந்தியோக்கஸின் ஆணையால் அக்கோயிலின் எரிபலிப் பீடத்தின்மீது வேற்றுத் தெய்வத்துக்குரிய பீடம் எழுப்பப்பட்டு, அதில் பலியும் இடப்பட்டிருந்தது. தீட்டுப்பட்ட பீடத்தில் இனிப் பலியிட இயலாது. ஆயினும் அதன் கற்கள் ஒரு காலத்தில் இறைவனுக்கென்று நேர்ந்தளிக்கப்பட்டவை. அவற்றைக் குப்பையில் வீச ஒருவருக்கும் துணிவில்லை. பீடத்தை இடித்தனர். கற்களைக் கோயில் மலையிலேயே தக்கதோர் இடத்தில் வைத்தனர். அவற்றை என்ன செய்வதென்று சொல்ல ஒரு தீர்க்கதரிசி வரும்வரை அவை அங்கேயே இருக்கட்டும் என்பது அவர்கள் எடுத்த முடிவு. மக்கபேயர் முதல் நூல் இச்செய்தியை மூன்றே வசனங்களில் சொல்லிக் கடந்துவிடுகிறது.

அதே நூல் பிறிதோர் இடத்தில், தீர்க்கதரிசிகள் தோன்றாமற்போன நாள்முதல் அதுவரை கண்டிராத துன்பம் இஸ்ரவேலுக்கு நேர்ந்தது என்கிறது. ஆக, இறைவனின் குரல் நின்றுவிட்டது என்ற உணர்வு அக்காலத்தில் இருந்தது. ஆனால் அவ்வுணர்வு வெறும் ஏக்கம் மட்டுமன்று. கி.மு. 140இல் யூதாவின் அண்ணன் சீமோனை மக்கள் தலைவராகவும் தலைமைக் குருவாகவும் ஏற்று வெண்கலத் தகட்டில் பொறித்தபோது, நம்பத்தக்க தீர்க்கதரிசி ஒருவர் எழும்வரை இப்பதவி என்றென்றும் அவருடையது என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தனர். சீமோன் தாவீதின் வழிவந்தவர் அல்லர். வழிவழியாகத் தலைமைக் குருத்துவம் வகித்த சாதோக்கின் குலத்தவரும் அல்லர். சவுலைத் தள்ளிய சாமுவேலும், தாவீதின் முகத்துக்கெதிரே அவன் குற்றத்தைச் சொன்ன நாத்தானும், ஆகாபை நிம்மதியாக உறங்கவிடாத எலியாவும் இருந்த மரபு அது. அப்படியொருவர் கண்முன் இல்லாதிருப்பது புதிய அரசகுலத்துக்கு எவ்வளவு வசதி என்பதை அந்நிபந்தனையை எழுதியவர்கள் அறியாதவர்களாக இருந்திருக்க முடியாது.

தமிழ்க் கிறித்தவ மேடைகளில் மல்கியாவுக்கும் யோவான் ஸ்நானகனுக்கும் இடைப்பட்ட காலத்தை 'நானூறு ஆண்டு மௌனம்' என்று சொல்வது வழக்கம். வரலாறு அம்மௌனத்துக்குச் சான்று கூறவில்லை. கற்கள் ஒதுக்கிவைக்கப்பட்ட அதே ஆண்டுகளில்தான் தானியேல் நூலின் பிற்பகுதிக் காட்சிகள் எழுதப்பட்டன என்பது ஆய்வுலகில் பெரும்பாலோர் ஏற்ற முடிவு. இதை முதலில் கண்டுசொன்னவர் கி.பி. 3ஆம் நூற்றாண்டின் கிரேக்க மெய்யியலாளர் பொர்ஃபிரி, கிறித்தவத்தின் எதிரி. அவருடைய வாதம், அதை மறுக்கப் புகுந்த எரோனிமுஸின் எழுத்து வழியாகவே நமக்குத் தெரியவருகிறது. தானியேலின் 11ஆம் அதிகாரம் தாலமிகளுக்கும் செலூக்கியர்களுக்கும் நடந்த போர்களை வியக்கத்தக்க துல்லியத்துடன் சொல்லி வருகிறது. அந்தியோக்கஸின் இறுதியைச் சொல்லும் இடத்தில் மட்டும் பிசகுகிறது. அவன் கடலுக்கும் பரிசுத்த மலைக்கும் நடுவே முடிவான் என்கிறது நூல். அவனோ பாரசீகப் பக்கத்தில் இறந்தான். எழுதியவர் எந்த ஆண்டில் எழுதுகோலைக் கீழே வைத்தார் என்பதை அந்தப் பிசகே காட்டிக்கொடுக்கிறது.

தானியேல் நூலின் புதுமை வேறோர் இடத்தில் உள்ளது. பண்டைய தீர்க்கதரிசி சந்தையிலும் வாயிலிலும் நின்று பேசினார். தானியேல் ஏட்டைத் திறந்து படிக்கிறார். எரேமியா சொன்ன எழுபது ஆண்டுகள் என்ன ஆயின என்று கலங்குகிறார். அவை எழுபது வார ஆண்டுகள், அதாவது 490 ஆண்டுகள் என்று தூதர் விளக்குகிறார். வாக்கு உரைப்பதிலிருந்து வாக்குக்கு உரை காண்பதற்கு மையம் நகர்கிறது. கும்ரானில் 1947இல் கிடைத்த ஆபகூக் உரை இதனினும் ஒருபடி மேலே செல்கிறது. வரப்போவதை எழுதுமாறு இறைவன் ஆபகூக்கிடம் சொன்னான். காலத்தின் நிறைவை அவருக்கு அறிவிக்கவில்லை. அம்மறைபொருளை நீதியின் ஆசிரியருக்கே வெளிப்படுத்தினான் என்பது அவ்வுரையின் கூற்று. மூலவரைவிட உரையாசிரியர் மிகுதியாக அறிந்தவர்! உரை மரபில் ஊறிய தமிழுலகில்கூட இத்தனை துணிவான உரிமைக்கோரிக்கை அரிது.

கிரேக்க மொழி இச்சிந்தனையில் எங்கே நுழைந்தது என்பதைக் காண அலெக்சாந்திரியாவுக்குச் செல்லவேண்டும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அங்கே மோசேயின் ஐந்நூல்கள் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டன. பிற நூல்கள் பின்தொடர்ந்தன. எபிரேயத்தில் 'நாவி' எனப்படும் சொல்லுக்குப் பெயர்ப்பாளர்கள் முன் இரு கிரேக்கச் சொற்கள் இருந்தன. 'மான்டிஸ்' என்பவன் தெய்வ ஆவேசத்தாலோ குறிபார்க்கும் கலையாலோ மறைந்ததைச் சொல்பவன். 'ப்ரொஃபெத்தெஸ்' என்பவன் தெய்வத்தின் சார்பாகப் பேசுபவன், தெய்வ வாக்கை எடுத்துரைப்பவன். ஆவேசம் கொண்டவனால் தன் வாக்கைத் தானே மதிப்பிட இயலாது, அதற்குப் 'ப்ரொஃபெத்தெஸ்' வேண்டும் என்று பிளேட்டோ தம் 'திமேயுஸ்' உரையாடலில் இருவரையும் பிரித்தே வைக்கிறார். பெயர்ப்பாளர்கள் 'நாவி'க்கு இரண்டாம் சொல்லைத் தெரிந்தெடுத்தனர். பிலேயாம் போன்ற குறிசொல்லிக்கு யோசுவா நூலில் 'மான்டிஸ்' என்று எழுதினர். தமிழிலும் இச்சிக்கல் உண்டு. பழைய பெயர்ப்பின் 'தீர்க்கதரிசி' நெடுந்தொலைவு காண்பவர். திருவிவிலியத்தின் 'இறைவாக்கினர்' கிரேக்கச் சொல்லுக்கு நெருங்கிய உறவு. தமிழ் முஸ்லிம்கள் வழங்கும் 'நபி'யோ அரபி வழியாக வந்த, எபிரேய 'நாவி'யின் உடன்பிறப்பு.

சொற்கள் எச்சரிக்கையோடு பிரிக்கப்பட்டன. ஆயினும் கருத்துகள் கலந்துவிட்டன. ஆதியாகமம் 15இல் சூரியன் மறையும் வேளையில் ஆபிராமுக்கு அயர்ந்த உறக்கம் வந்தது என்கிறது எபிரேயம். பெயர்ப்பாளர்கள் அவ்வுறக்கத்துக்கு 'எக்ஸ்தாஸிஸ்' என்று எழுதினர். தன்னிலையிலிருந்து வெளியேறி நிற்றல் என்பது பொருள். பின்னாளில் அந்த ஒற்றைச் சொல்லின்மேல் பிலோ ஒரு முழுக் கோட்பாட்டையே கட்டினார். சூரியன் மறைவதென்பது மனித அறிவு மறைவது. அவ்வொளி அடங்கினால்தான் தெய்வ ஒளி எழும். அப்போது தீர்க்கதரிசி தனக்குரியதாக எதையும் பேசுவதில்லை, அவன் காணாத கை ஒன்று மீட்டும் கருவி மட்டுமே என்றார். எபிரேய மூலத்தில் இருந்தது உறக்கம் மட்டுமே.

பிலோவுக்கு எபிரேயம் தெரிந்திருக்கவில்லை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆகவே பெயர்ப்பின் தகுதி அவருக்கு உயிர்ப் பிரச்சினை. பெயர்ப்பின் வரலாற்றைச் சொல்லும் முந்தைய நூலான அரிஸ்டியாஸ் மடலில் 72 அறிஞர்கள் கூடி, ஒப்புநோக்கி, உடன்பாடு கண்டு, 72 நாட்களில் பணியை முடிக்கின்றனர். நல்லதொரு பதிப்புக் குழுவின் நடைமுறை அது. பிலோவின் கூற்றில் அவர்கள் ஃபாரோஸ் தீவில் தெய்வ ஆவேசம் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒருவர் ஒவ்வொருவருக்கும் சொல்லச் சொல்ல, ஒரே சொற்களையே எழுதினர். அவர்களைப் பெயர்ப்பாளர்கள் என்னாமல் தீர்க்கதரிசிகள் என்றே அழைக்கவேண்டும் என்கிறார் அவர். ஆண்டுதோறும் யூதரும் பிறரும் அத்தீவில் கூடி விழா எடுத்த செய்தியையும் தருகிறார். எருசலேமில் கற்கள் தீர்க்கதரிசிக்காகக் காத்திருக்க, அலெக்சாந்திரியாவில் அறம் பிறழாத எவருக்கும் அவ்வருள் கிட்டும் என்று பிலோ எழுதிக்கொண்டிருந்தார். எழுத அமர்ந்து வெறுமையாய் இருந்த தம் உள்ளம் திடீரென்று நிறைந்து, இடமும் உடனிருந்தோரும் தாமும் மறந்துபோன தருணங்களைக்கூட மறைக்காமல் சொல்கிறார்.

இவ்விடத்தில் அவருடைய வாதம் தளர்கிறது என்பதையும் சொல்லவேண்டும். ஆவேசமே அடையாளம் எனில், தெல்ஃபியின் பித்தியாவுக்கும் மோசேயின் மரபுக்கும் வேறுபாடு என்ன? பறவையும் குடலும் பார்த்துக் குறிசொல்வதைப் பிலோ வன்மையாகச் சாடுகிறார். பித்தியா பறவை பார்த்தவளல்லள். எகிப்திய யூதர் வேறு சிலர் இவ்வேறுபாட்டைப் பற்றிக் கவலைப்படவேயில்லை. கி.மு. 2ஆம் நூற்றாண்டளவில் ஹோமரின் யாப்பிலேயே பாடல்கள் இயற்றி அவற்றைச் சிபில்லாவின் வாயில் வைத்தனர். அவளை நோவாவின் மருமகளாக்கிக் குடும்பத்துக்குள்ளும் சேர்த்துக்கொண்டனர்.

கி.பி. 67இல் கலிலேயாவின் யோதபட்டா 47 நாள் முற்றுகைக்குப் பின் வீழ்ந்தது. நாற்பது பேரோடு குகையில் ஒளிந்திருந்த படைத்தலைவர் யோசேபஸ், ஒருவரையொருவர் கொன்று மடிவதென்ற சீட்டுக் குலுக்கலில் தப்பி, உரோமரிடம் சரணடைந்தார். வெஸ்பாசியான் முன் நிறுத்தப்பட்டபோது, நீர் பேரரசர் ஆவீர் என்றார். கனவுகளும் மறைநூல் வாக்குகளும் தமக்கு இதை உணர்த்தின என்பது அவருடைய விளக்கம். யூத நாட்டிலிருந்து ஒருவர் உலகை ஆள்வார் என்றிருந்த பழைய வாக்கையும் அவ்வுரோமனுக்கே உரியதாக்கினார். இரண்டாண்டுகளில் வெஸ்பாசியான் பேரரசரானார். யோசேபஸ் விடுதலை பெற்றார். இதே வாக்கை யோகனான் பென் சக்காய் உரைத்ததாக ரபிமார் மரபு சொல்வது தனிக்கதை.

இத்தனைக்கும் யோசேபஸ் தம்மைத் தீர்க்கதரிசி என்று அழைத்துக்கொண்டதில்லை. எருசலேம் மதிலுக்கு வெளியே நின்று சரணடையுமாறு வேண்டியபோது எரேமியாவைத் தமக்கு ஒப்புக்காட்டினார். அப்பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அர்த்தசஷ்டாவின் காலத்துக்குப் பின் தீர்க்கதரிசிகளின் துல்லியமான தொடர்ச்சி இல்லை என்று பிற்காலத்தில் அப்பியோனுக்கு எதிரான நூலில் எழுதினார். அவர் இல்லையென்றது தொடர்ச்சியை, வாக்கையே அன்று. பிறரை அழைக்கும்போதும் அவர் சொற்களை அளந்தே கொடுத்தார். மக்களைத் திரட்டியவர்கள் அவர் ஏட்டில் போலித் தீர்க்கதரிசிகளும் வஞ்சகர்களும் ஆயினர்.

ஒருவரை மட்டும் எப்பெயரிட்டும் அழைக்க அவருக்கு இயலவில்லை. போருக்கு நான்காண்டுகள் முன், கூடாரப் பண்டிகையின்போது, அனனியாவின் மகன் இயேசு என்னும் எளிய நாட்டுப்புறத்தான் ஒருவன் எருசலேமுக்குக் கேடு வரும் என்று கூவத் தொடங்கினான். பெரியோர் பிடித்து அடித்தனர். உரோம ஆளுநர் அல்பினுஸ் எலும்பு தெரியுமளவு கசையால் அடிப்பித்தான். ஒவ்வோர் அடிக்கும் அவன் அதே புலம்பலையே திருப்பிச் சொன்னான். பித்தன் என்று விட்டுவிட்டனர். ஏழாண்டு ஐந்து மாதம் கூவினான். முற்றுகையின்போது மதில்மேல் நின்று, எனக்கும் கேடு என்று முதன்முறையாகத் தன்னையும் சேர்த்துச் சொன்ன கணத்தில் உரோமர் எறிந்த கல் பட்டு இறந்தான்.

கி.பி. 70இல் கோயில் எரிந்தது. ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்குப் பின் தொகுக்கப்பட்ட மிஷ்னா, அழிந்துபோன அக்கோயிலின் அறைகளை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்துகிறது. கணப்பறையின் நான்கு மூலைகளில் வடகிழக்கு அறையே, கிரேக்க அரசர்கள் தீட்டுப்படுத்திய பீடத்தின் கற்களை ஹஸ்மோனியர் வைத்த இடம் என்று அது குறித்துவைத்திருக்கிறது.