புள்ளியின் கணக்கு

'தமிழ்' என்ற சொல்லில் எழுத்து மூன்று. கணிப்பொறிக்கு அது ஐந்து: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. கைபேசியால் கலாசாரம் சீரழிகிறது என்று வருத்தப்படும் நம் எழுத்தாளர்கள், இந்தக் கணக்கு எப்படி வந்தது என்று கேட்டதாகத் தெரியவில்லை.

ஏட்டில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. வாசிப்பவன்தான் தீர்மானிக்க வேண்டும். 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பட்ட பாட்டில் ஒரு பங்கு இது. அச்சு அந்தத் தீர்மானத்தை மெல்ல மெல்ல வாசகனிடமிருந்து பதிப்பாசிரியனுக்கு மாற்றியது. 1935இல் பெரியார் கையாளத் தொடங்கிய சீர்திருத்த எழுத்துக்களில் பலவற்றை 1978இல் தமிழக அரசு ஏற்றது. அதுவரை எழுத்து பற்றிய சண்டைகள் நம் கண்ணெதிரே நடந்தன.

அடுத்த மாற்றம் அப்படி நடக்கவில்லை. 1991இல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பு, இந்திய மொழிகள் பலவற்றுக்கும் ஒரே அச்சாக 1988இல் வகுத்த இஸ்கி முறையைப் பின்பற்றித் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியது. அதில் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் நடுவே மூன்று இடங்கள் காலி. வடமொழி வர்க்க எழுத்துக்களுக்கான நாற்காலிகள். நம் இலக்கணத்தில் மெய்யோடு உயிர் கூடி உயிர்மெய். இங்கே உயிர்மெய்தான் மூலம். புள்ளி இட்டால் மெய். எழுதும் கை அப்படித்தான் செய்கிறது என்பது உண்மை. ஆனால் கைக்கு யாரும் கட்டணம் விதிக்கவில்லை. ஆங்கிலக் குறுஞ்செய்திக்கு 160 இடம், தமிழுக்கு 70. ட்விட்டரில் 2017 வரை இருந்த 140இலும் ஒவ்வொரு புள்ளியும் ஓர் இடத்தைத் தின்றது.

இருந்தும் நான் யூனிகோடின் எதிரி அல்ல. அதற்கு முன் எழுத்துருவுக்கு ஒரு குறியீடு. எழுத்துரு இல்லையேல் எழுத்தே இல்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டது. பழம் புலவர்களுக்குப் படியெடுக்க ஆள் கிடைத்தார்கள். சமகாலக் கவிகளுக்கு?

காலமான கவிஞர் ஒருவரின் பிளாப்பியை அவர் மனைவி என்னிடம் தந்தார். திறந்தால் உச்சரிக்க முடியாத லத்தீன் குறிகள். எந்த எழுத்துரு என்று சொல்ல அவர் இல்லை. அதிகம் வரும் குறி புள்ளியாகத்தான் இருக்கும் என்று ஊகித்து ஆரம்பித்தேன். இரவுகளில் நான்கு மாதம். இருபத்துமூன்று கவிதைகள் மீண்டன. புள்ளியால் இடம் போகிறது என்று குறைப்பட்ட எனக்கு, புள்ளிதான் வழி காட்டியது.

ஒரு குறி மட்டும் தீரவில்லை. மொத்தத்தில் ஒரே ஒரு தடவை வருகிறது. என்னால் இட்டு நிரப்ப முடியும். அது என் கவிதையாகிவிடும். அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.