70 ரூபாய் ரேடியோவும் அதோட மரப்பெட்டியும்

கோயம்புத்தூர்னா மில்லு, மோட்டார், பம்ப்செட்டுன்னு அடுக்குவோம். ரேடியோவை யாரும் சேர்க்கறதில்லை. ஆனா 1941-ல ஜி.டி. நாயுடு, அஞ்சு வால்வு ரேடியோ செட்டை 70 ரூபாய்க்கு இந்தியாவுலயே செய்ய முடியும்னு அறிவிச்சார். 1920-ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல ஒத்தை பஸ் ஓட்டி ஆரம்பிச்ச அதே யு.எம்.எஸ். நாயுடுதாங்க.

அவர் சொன்ன நேரத்தைப் பாருங்க. பைக்காரா மின்சாரம் 1930-களின் தொடக்கத்துலயே வந்தாச்சு. 1938-ல சென்னையிலயும் 1939-ல திருச்சியிலயும் வானொலி நிலையம் திறந்தாச்சு. கேட்க ஆளுங்க ரெடி, ஆனா செட்டு கப்பல்ல வரணும். யுத்த காலத்துல கப்பல்ல முதல் இடம் ராணுவத்துக்கு.

வால்வு செய்யறது சாதாரண பட்டறையில ஆகிற காரியம் இல்லை. உள்ளூர் ஆசாரி முழுசா முடிச்சுத் தரக்கூடியது பெட்டி மட்டும்தான். 'வெறும் பெட்டிதானே'ன்னு தோணும். எனக்கு அதுல உடன்பாடு இல்லை. ஸ்பீக்கர் கோன் முன்னாடி காத்தைத் தள்ளும்போதே பின்னாடி இழுக்குது. பெட்டி இல்லாம வெச்சா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும். நாதஸ்வரம் கேட்கும், தவிலோட தொப்பிப் பக்கம் காணாமப் போயிடும்.

சரி, ஆனைமலைத் தேக்கு பக்கத்துலதானே, பலகையா அறுத்து ஆணி அடிச்சா போதாதா? போதாதுங்க. வெயிலுக்குச் சுருங்கி, பாலக்காட்டுக் கணவாய் ஈரக்காத்துக்கு உப்பி, அகலப் பலகை வெடிச்சிடும். அதனால மரத்தை மெல்லிசா சீவி, நார் குறுக்கும் நெடுக்குமா வர்ற மாதிரி ஒட்டுன பிளைவுட். அதுக்கு மேல அழகுக்குத் தேக்கு, இல்லைன்னா தோதகத்தி வெனீர். ஒரு பக்கம் மட்டும் ஒட்டுனா பலகை வளையும், உள்பக்கமும் ஒட்டணும். பசைக்கு நம்ம ஆசாரிகளோட வச்சிரம் இருந்துச்சு. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கறது, சூடு ஆறுறதுக்குள்ள ஒட்டி முடிக்கணும். ஆனா வால்வு சூட்டுல அதுவே இளகவும் செய்யும். பின்மூடியில ஓட்டைங்க இருக்கறதுக்கு அந்தச் சூடும் ஒரு காரணம்.

யுத்தத்துல இதுக்கும் பஞ்சம். இந்தியாவுல அப்போ பிளைவுட் பெரும்பாலும் தேயிலைப் பெட்டிக்குத்தான். பிரிட்டன்ல பிளைவுட்டும் மரவேலைக்காரங்களும் மஸ்கிட்டோ விமானத்துக்குப் போயிட்டாங்க. 1944-ல அங்க மக்களுக்குன்னு வந்த ரேடியோவுக்கு வெனீரே கிடையாது, கம்பெனி பேரும் கிடையாது. மொட்டைப் பைன் மரப் பெட்டி. மெருகு ஏத்துற அரக்கு நம்ம நாட்டுச் சரக்கு. அது கிடைக்காம அமெரிக்கா 1942-ல இசைத்தட்டுக்கான அரக்கை 70 சதவீதம் வெட்டுச்சு.

மலபார்ல, கண்ணூருக்குப் பக்கத்து வளபட்டணத்துல, வெஸ்டர்ன் இந்தியா பிளைவுட்ஸ் தொடங்குனது 1945-லதான். யுத்தம் முடிஞ்ச வருஷம்.

தாத்தா வீட்டுப் பரண்ல வால்வு ரேடியோ கிடந்தா, பிளக்கைச் சொருகிடாதீங்க, பழைய கெப்பாசிட்டர் வெடிக்கலாம். பின்மூடியைக் கழட்டி, பெட்டியோட உள்விளிம்பைப் பாருங்க. எத்தனை அடுக்குன்னு எண்ணிடலாம்.