வட்ட வடிவப் போர்க்கப்பல்கள்

கப்பல் என்றதும் கூரிய முனையும் நீண்ட உடலுங் கொண்ட வடிவமே நம் மனக்கண்முன் தோன்றும். நீரைக் கிழித்துச் செல்ல அவ்வடிவமே ஏற்றதென்பதை வள்ளங் கட்டுவோர் யாவரும் அறிவர். அவ்வாறிருக்க, தாம்பாளம்போல வட்டமான இரண்டு போர்க்கப்பல்களை இரசியப் பேரரசு கட்டிக் கடலில் மிதக்கவிட்டது. பலர் அதனைப் பேதைமை என்று எள்ளினர். அது பேதைமைதானா என்று ஆராய்வோம்.

கிரீமியப் போரில் தோல்வியுற்ற இரசியாவிடமிருந்து, கருங்கடலில் போர்க்கப்பற் படை வைத்திருக்கும் உரிமையை 1856ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கை பறித்தது. 1870இல் இரசியா அத்தடையை உதறியது. 1871இல் இலண்டனிற் கூடிய வல்லரசுகள் அதற்கு இணங்கின. உரிமை மீண்டது; கப்பல்கள் மீளவில்லை. துருக்கியிடமோ இரும்புக் கவசக் கப்பல்கள் பல இருந்தன. இரசியா காக்கவேண்டிய தினீப்பர், பூக் ஆறுகளின் கழிமுகமும் கேர்ச் நீரிணையும் ஆழங் குறைந்தவை.

கனத்த கவசமும் பெரும் பீரங்கியும் தாங்கும் கப்பல் ஆழ அமிழும். ஆழங் குறைந்த நீரில் அது தரைதட்டும். இச்சிக்கலுக்கு அந்திரேய் பொப்போவ் என்னும் கடற்படைத் தளபதி கேத்திர கணிதத்தில் விடை கண்டார். ஒரே பரப்பளவுள்ள உருவங்களுள் சுற்றளவிற் குறைந்தது வட்டமே. ஆகவே வட்டக் கப்பலைச் சூழக் குறைந்த கவசமே போதும். அகன்ற அடித்தளம் பாரத்தையுந் தாங்கும். அகலங் கூடிய கப்பல்களின் நன்மையை ஸ்கொத்லாந்துக் கப்பற் பொறியியலாளர் ஜோன் எல்டர் முன்னரே எடுத்துரைத்திருந்தார்.

'நொவ்கொரொட்' என்னும் முதற் கப்பலின் பகுதிகள் சென் பீற்றர்ஸ்பேர்க்கிற் செய்யப்பட்டு, தெற்கே நிக்கொலாயெவ் நகரிற் பொருத்தப்பட்டன. 1873இல் அது நீரில் இறங்கியது. விட்டம் 101 அடி. நிறை ஏறக்குறைய 2,500 தொன். பக்கக் கவசத்தின் தடிப்பு 9 அங்குலம். 11 அங்குலப் பீரங்கிகள் இரண்டும், ஆறு நீராவி எந்திரங்கள் சுழற்றும் ஆறு உந்துவிசிறிகளும் அதில் இருந்தன. 120 அடி விட்டமுள்ள இரண்டாவது கப்பலுக்குப் பொப்போவின் பெயரே சூட்டப்பட்டது.

கணிதம் பொய்க்கவில்லை. கப்பல்கள் ஆழமற்ற நீரில் மிதந்தன, அதிகம் உருளவுமில்லை. ஆனால் மழுங்கிய உடலை நீர் எதிர்த்தமையால், நொவ்கொரொட் மணிக்கு ஆறேழு கடல்மைல் வேகத்தையே எட்டியது. சுக்கான் சரிவரப் பயன்படவில்லை. தாழ்ந்த மேற்றளத்தின்மீது அலைகள் புரண்டன.

பீரங்கி வெடித்தவுடன் கப்பலே பம்பரமாய்ச் சுழன்றது என்று நூல்கள் பல எழுதின. உண்மை அத்துணைச் சுவையானதன்று. பீரங்கி மேடையைப் பூட்டிய பொறி வலிமை குறைந்திருந்தது. வெடியின் அதிர்ச்சியில் மேடைதான் திரும்பியது. பூட்டு வலுப்படுத்தப்பட்டதும் அக்குறை நீங்கிற்று. ஆயினும் நகைச்சுவைக் கதையே நிலைத்துவிட்டது.

1877ஆம் ஆண்டு துருக்கிப் போர் மூண்டபோது இக்கப்பல்கள் ஒதெசாத் துறைமுகத்தைக் காத்து நின்றன. பெருஞ்சமரில் அவை ஈடுபடவில்லை. 1903இற் சேவையிலிருந்து நீக்கப்பட்டுப் பின்னர் உடைக்கப்பட்டன.

ஆகவே பொப்போவை மூடர் என்பது தகாது. தமக்கு இடப்பட்ட வினாவுக்கு அவர் சரியான விடையே கண்டார். மிதப்பதும் தாங்குவதுமே அவ்வினாவில் முதன்மை பெற்றன. விரைந்து செல்வதும் திரும்புவதும் பின்தள்ளப்பட்டன. ஆழமற்ற கழிமுகமும் படையற்ற கரையும் ஒரு நாட்டை எத்தகைய முடிவுக்குத் தள்ளின என்பதை அறியாது, கப்பலின் உருவத்தை மாத்திரம் பார்த்து நகைப்பது வரலாறாகாது. ஒரு செயலின் பயனை அளக்குமுன், அச்செயலைச் செய்தோர் எந்த இக்கட்டில் நின்று அதனைச் செய்தனர் என்று கேட்பதே வரலாறு கற்போரின் கடமையாகும்.