மாட்டுக்கு மூத்த புல்: உயர்மலைப் புல்வெளியும் மேய்ச்சலும் பற்றிய ஒரு மறுவாசிப்பு

பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, பரம்பிக்குளத்தை அடுத்த முகடுகள் முதல் இடுக்கியின் இரவிகுளம், வட்டவடை வரை சோலையும் புல்வெளியும் மாறிமாறிக் கிடக்கின்றன. தீயும் மேய்ச்சலும் சோலையை அழித்ததால் வந்ததே இந்தப் புல்வெளி என்ற கருத்து ஆய்வுலகில் இன்னும் செல்வாக்கோடு இருக்கிறது. நீலகிரிச் சதுப்புகளில் தாவரம் மக்கிச் சேர்ந்த பீட் படிவை அடுக்கடுக்காகப் படித்தால் அக்கருத்து நிற்காது என்பதே என் வாதம்.

அப்படிவின் அளவீடுகளை 1993-இல் ரா. சுகுமாரும் அவருடன் பணியாற்றியோரும் நேச்சர் இதழில் வெளியிட்டனர். படிவில் மக்கிய தாவரம் மரம், கோரை போன்ற சி3 வகையானால் கார்பன் ஐசோடோப்பு அளவு ஆயிரத்துக்கு −27-ஐ ஒட்டி நிற்கும். வெப்பநிலப் புல்லான சி4 வகையானால் −13-ஐ ஒட்டி நிற்கும். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், சி4 புல் ஓங்கியிருந்தது. தென்னிந்திய மாடு வளர்ப்பின் பழந்தடயங்களான கர்நாடகச் சாம்பல்மேடுகளுக்கோ வயது சுமார் 5,000 ஆண்டுகள்தான்.

சிக்கல் பிந்திய அடுக்குகளில் இருக்கிறது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முந்திய காலத்தை ஒட்டி சி4 மறுபடி ஏறுகிறது. காலம் பொருந்துவதால் மந்தைகளே காரணம் என்று படித்துவிடலாம். ஆனால் ராஜஸ்தானின் ஏரிகள் வற்றியதும் பருவமழை நலிந்ததும் இதே காலப்பகுதியில்தான். இந்த ஏற்றத்துக்கு வறட்சி ஒன்றே போதும். மேய்ச்சல் துணைக்காரணமாக இருந்திருக்கலாம். அதை முதற்காரணமாக்க இந்தப் படிவு இடம் தரவில்லை.

எனக்கு முடிவானதாகப் படுவது இதற்கும் மேலே உள்ள அடுக்கு. சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் அளவு சி3 பக்கம் திரும்புகிறது. 1117-ஆம் ஆண்டின் ஹொய்சளக் கல்வெட்டு தோடரைக் குறிப்பிடுவதால், எருமை மேய்ப்பரான அவர்கள் இந்தத் திருப்பத்துக்கு வெகு முன்பே நீலகிரியில் இருந்திருக்கிறார்கள். மேய்ச்சல்தான் புல்லை விரிக்கிறது என்றால் இந்தத் திருப்பம் நேர்ந்திருக்கக் கூடாது. சி3 என்றாலே சோலை என்று நான் சொல்லவில்லை. சதுப்புக் கோரையும் அதே அளவைத்தான் காட்டும். கோரையென்றே கொண்டாலும் அது ஈரத்தைத்தான் குறிக்கும்; மந்தையின் பெருக்கத்தை அதில் படிக்க வழியில்லை.

நீலகிரிச் சான்று கணவாய்க்குத் தெற்கேயுள்ள ஆனைமலைக்குப் பொருந்துமா என்பார் உண்டு. உயரமும் பருவமழையும் உறைபனியும் இத்தனை ஒத்திருக்கையில் அந்த ஐயத்துக்கு அதிக எடை தரவேண்டியதில்லை. சோலை விளிம்பைத் தாண்டி முளைக்கும் மரக்கன்றுகளை இரு மலைகளிலும் உறைபனி கருக்குகிறது.

மேய்ச்சலால் மண்ணுக்குக் கேடே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. மாடு நாள்தோறும் ஏறி இறங்கும் சரிவில் குளம்பு பட்டுப் பட்டுப் படிப்படியாகத் தடம் விழுகிறது. தடத்தில் மண் இறுகி, மழைநீர் உள்ளிறங்காமல் ஓடி, புல்தூறின் அடிமண்ணை அரித்து வேரை வெளியே காட்டுகிறது. பட்டி போட்ட இடத்தில் சாணமும் மூத்திரமும் ஊறி, புல்லுக்குப் பதில் களை மண்டுகிறது. இவை தடத்தோடும் பட்டியோடும் தண்ணீர்த் துறையோடும் ஒட்டிய சேதங்கள். மந்தையை இடம் மாற்றினால் புல் பெரும்பாலும் மீளும்; மேல்மண் அடியோடு போன இடத்தில் மட்டும் அந்த நம்பிக்கை இல்லை.

வாட்டில் மரமும் கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸும் நட்ட சரிவுக்கு இப்படி எளிதான மீட்சி இல்லை. பழனிமலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கைத் தின்றவை மரத்தோட்டங்களும் விவசாயமும்தான். புல்வெளியைச் சீரழிந்த காடு என்று வகைப்படுத்தியது அந்த நடவுக்கு நியாயம் கற்பித்தது. வட்டவடையில் கிராண்டிஸ் தோட்டத்தை விட்டுவிட்டு மாட்டுக்காரரை மட்டும் விசாரிக்கும் ஆய்வு அதே வகைப்பாட்டைத்தான் தொடர்கிறது.