வேட்டைக்குப் போறீங்களா? செனாப்பாங் பாத்தா பற்றி முதலில் தெரிஞ்சுக்கோங்க

மேருவில் தாமான்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடையில் இன்னும் செம்பனை நிற்கிறது. செம்பனை இருக்கும் இடத்துக்குக் காட்டுப்பன்றி வரும். "இந்த வாரம் வேட்டைக்கு வர்றியா?" என்று மாமாவோ நண்பரோ உங்களையும் கூப்பிடலாம்.

பன்றி என்று நினைத்துக் கூட வந்தவரையே சுட்டுவிட்டார் என்ற செய்தி நம் நாட்டில் திரும்பத் திரும்ப வருகிறது. ஏன் இப்படி நடக்கிறது?

மான், பூனை போன்றவற்றின் விழிக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. அதனால்தான் டார்ச் பட்டதும் அவற்றின் கண்கள் மின்னுகின்றன. அந்தப் படலம் பன்றிக்குக் கிடையாது, மனிதனுக்கும் கிடையாது. அதனால் இருட்டில் குனிந்து உட்கார்ந்திருக்கும் நண்பரும் பன்றியும் வேட்டைக்காரர் கண்ணுக்கு ஒரே கறுப்பு உருவம்தான். பல நேரம் உருவம்கூடத் தெரியாது, சலசலப்பு மட்டும்தான் கேட்கும். சத்தத்தை நோக்கிச் சுடவே கூடாது. தலை, உடல், கால் என்று முழு விலங்கையும் பார்த்த பிறகுதான் விரல் விசைக்குப் போக வேண்டும். அதுவரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும்.

அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். செம்பனையைச் சுமார் 9 மீட்டர் இடைவெளியில் வரிசை பிடித்து நடுவார்கள். குறி தவறிய குண்டு அந்தச் சந்து வழியாக நேராகப் போய்க்கொண்டே இருக்கும். ரப்பர் தோட்டம் என்றால் விடிவதற்கு முன்பே தலைவிளக்கோடு பால்வெட்டுக்கு ஆள் வந்திருப்பார்.

சரி, துப்பாக்கியை எப்படித் தூக்கிச் செல்வது? இங்கே பலரிடம் இருப்பது 'செனாப்பாங் பாத்தா'. பாத்தா என்றால் மலாயில் ஒடிந்தது. குழலை மடக்கித் திறக்கலாம் என்பதால் அந்தப் பெயர். பாதுகாப்புக்கும் அதுதான் வசதி: மடக்கித் திறந்து தோட்டாவை எடுத்துவிட்டால், சுடாது என்பது கூட இருக்கும் எல்லாருக்கும் கண்ணாலேயே தெரியும். பாரிட்டின் மேல் போட்ட பலகையில் நடக்கும்போது, வேலி தாண்டும்போது, மோட்டாரில் ஏறும்போது, இன்னொருவர் கையில் கொடுக்கும்போது திறந்தபடியே இருக்கட்டும். வழுக்கி விழுந்தால் குழலுக்குள் சேறு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைப்போடு சுட்டால் குழலே வெடிக்கலாம். "சேஃப்டி போட்டிருக்கேன்" என்பதை நம்பாதீர்கள். பல துப்பாக்கிகளில் அது விசையை மட்டும்தான் பூட்டும், கீழே விழும் அதிர்ச்சியைத் தாங்கும் என்று சொல்ல முடியாது.

யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைக் கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை போடுங்கள். கறுப்பு டீ-ஷர்ட் 'ஸ்டைலா' இருக்கும், ஆனால் தோட்டத்தில் அது ஆபத்து.

இனி சட்டம். துப்பாக்கி லைசென்ஸ் போலீஸ் தருவது. வேட்டை உரிமம் 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெர்ஹிலித்தான் தருவது. ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று நினைக்காதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 1960 ஆயுதச் சட்டத்தின் 8-வது பிரிவின் கீழ் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆகவே "மச்சான், கொஞ்சம் பிடி" என்று நண்பர் நீட்டினால், உங்களுக்கு அனுமதி இல்லையென்றால் வாங்காதீர்கள். கவனக்குறைவால் ஓர் உயிர் போனால் தண்டனைச் சட்டம் 304ஏ பிரிவில் 2 ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும்.